உங்கள் ஹாலண்டுக்கு எதிரே உங்கள் தற்காப்பு: எஃப்.பி.எல். ஆட்டத்தில் ஒரே இரவில் இரண்டு பக்கமும் நிற்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை மணி. கெலுகோரில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தை ஒட்டிய சுங்கை டுவா பக்கத்து மாமாக் கடைகளில், பெரிய ஆட்டம் இருக்கும் இரவென்றால் திரைக்கு முன்னால் நாற்காலி கிடைப்பதே கஷ்டம். மேசையில் தே ஓ ஐஸ் லிமாவ், கையில் கைப்பேசி. மென்செஸ்டர் சிட்டி கோல் அடிக்கிறது. ஒருவர் துள்ளி எழுகிறார், பாதியிலேயே நிற்கிறார், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

"என்னடா, உன் ஆளுதானே அடிச்சான்?"

"ஆமா மச்சான். ஆனா என் தற்காப்பும் போச்சே!"

எஃப்.பி.எல். எனப்படும் ஃபேண்டசி பிரீமியர் லீக் ஆடும் யாருக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. ஆடாதவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைக் கொண்டு உங்களுக்கென்று ஒரு கற்பனைக் குழுவை அமைக்கும் இலவச இணைய விளையாட்டு இது. 100 மில்லியன் பவுண்ட் கற்பனைப் பணம். அதில் 15 பேரை வாங்க வேண்டும்: 2 கோல் காவலர்கள், 5 தற்காப்பு ஆட்டக்காரர்கள், 5 மத்திய திடல் ஆட்டக்காரர்கள், 3 தாக்குதல் ஆட்டக்காரர்கள். ஒரே கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் கூடாது. ஒவ்வொரு வாரமும் 11 பேரை இறக்க வேண்டும். நிஜத் திடலில் அவர்கள் செய்வதைப் பொறுத்து உங்களுக்குப் புள்ளி. கேப்டனாக வைத்தவரின் புள்ளி இரட்டிப்பாகும். உலகம் முழுக்க 1 கோடிக்கும் அதிகமானவர்கள் இதை ஆடுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். நீங்கள் வாங்கிய 15 பேரும் பல கிளப்புகளைச் சேர்ந்தவர்கள். சீசனில் 38 வாரங்கள். என்றாவது ஒருநாள் உங்கள் தாக்குதல் ஆட்டக்காரரும் உங்கள் தற்காப்பு ஆட்டக்காரரும் எதிரெதிரே நிற்கத்தான் போகிறார்கள். அந்த வாரம் தற்காப்பு ஆட்டக்காரரை பெஞ்சில் உட்காரவைக்க வேண்டுமா?

"கண்டிப்பா உட்கார வை, ரெண்டு பக்கமும் ஆட முடியாது" என்பதுதான் மினி லீக் வாட்சப் குழுக்களில் வழக்கமாகக் கேட்கும் அறிவுரை. கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான வாரங்களில் அது சரியான காரணமே இல்லை.

முதலில் புள்ளிகள்

தற்காப்பு ஆட்டக்காரரோ கோல் காவலரோ குறைந்தது 60 நிமிடம் ஆடி, அவர் திடலில் இருக்கும்வரை குழு ஒரு கோல்கூட விடாமல் இருந்தால் 4 புள்ளி. இதுதான் கிளீன் ஷீட். ஒரு கோல் விட்டாலே அந்த 4 போய்விடும். அதன் பிறகு விடும் ஒவ்வொரு 2 கோலுக்கும் 1 புள்ளி கழியும். அதாவது இரண்டாவது கோலில் ஒன்று, நான்காவது கோலில் இன்னொன்று. 60 நிமிடம் ஆடியதற்கு யாராக இருந்தாலும் 2 புள்ளி உண்டு.

கோல் அடித்தால் தாக்குதல் ஆட்டக்காரருக்கு 4, மத்திய திடல் ஆட்டக்காரருக்கு 5, தற்காப்பு ஆட்டக்காரருக்கு 6. கோலுக்கு உதவினால் 3. ஆட்டத்தின் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று போனஸ் உண்டு. கீழே வரும் கணக்குகளில் போனஸைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் கோல் அடிப்பவர் பக்கம்தான் தராசு இன்னும் கொஞ்சம் சாயும்.

இப்போது உங்களிடம் சிட்டியின் எர்லிங் ஹாலண்டும் அர்செனலின் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரும் இருக்கிறார்கள், இரண்டு கிளப்பும் மோதுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்டி கோல் எதுவும் அடிக்கவில்லை: ஹாலண்டுக்கு 2, தற்காப்புக்கு 6. மொத்தம் 8.

ஹாலண்ட் ஒரு கோல் அடிக்கிறார், சிட்டிக்கு வேறு கோல் இல்லை: ஹாலண்டுக்கு 6, தற்காப்புக்கு 2. மொத்தம் அதே 8.

ஹாலண்ட் இரண்டு அடிக்கிறார்: அவருக்கு 10, தற்காப்புக்கு 1. மொத்தம் 11.

கவனித்தீர்களா? மாமாக் கடையில் தலையில் கைவைத்த அந்த நபர் உண்மையில் எதையும் இழக்கவில்லை. 8 இருந்தது, 8 ஆகவே நிற்கிறது, போனஸ் வந்தால் கூடவே செய்யும். ஹாலண்டை அவர் கேப்டனாக வைத்திருந்தால் கதையே வேறு: கோல் இல்லாவிட்டால் 4 + 6 = 10, ஒரு கோல் அடித்தால் 12 + 2 = 14. சொந்தத் தற்காப்பை உடைத்ததில் 4 புள்ளி லாபம்.

அவர் உண்மையிலேயே தலையில் கை வைக்க வேண்டிய தருணம் ஒன்று உண்டு. அது, ஹாலண்ட் அல்லாத வேறொரு சிட்டி ஆட்டக்காரர் கோல் அடிக்கும்போது. அப்போது ஹாலண்டுக்கு 2, தற்காப்புக்கு 2, மொத்தம் 4. கிளீன் ஷீட் போனது, பதிலுக்கு எதுவும் வரவில்லை. உங்கள் தற்காப்புக்கு எதிரி நீங்கள் வாங்கிய தாக்குதல் ஆட்டக்காரர் அல்ல. நீங்கள் வாங்காத ஆள்தான். இப்படிப் பார்த்தால், எதிரணியின் முக்கியத் தாக்குதல் ஆட்டக்காரர் உங்களிடம் இருப்பது ஒருவகைக் காப்புறுதி. கோல் விழுந்தால் அதில் ஒரு பங்காவது உங்கள் கணக்குக்கு வரும்.

மூன்று ஆட்டங்கள், மூன்று முடிவுகள்

2024 மார்ச் 31. சிட்டி தன் சொந்தத் திடலில் அர்செனலைச் சந்தித்தது. மலேசிய நேரப்படி இரவு 11.30. முடிவு 0-0. ஹாலண்டுக்கு 2 புள்ளி, முழு நேரம் ஆடிய வில்லியம் சாலிபாவுக்கு 6. "சிட்டிக்கு எதிரா அர்செனல் தற்காப்பா? பைத்தியமா?" என்று சாலிபாவை பெஞ்சில் வைத்தவர்களுக்குத் திங்கட்கிழமை காலை எப்படி விடிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2024 செப்டம்பர் 22. அதே திடல், அதே இரு கிளப்புகள், அதே 11.30 மணி. 9ஆவது நிமிடத்திலேயே ஹாலண்ட் கோல் அடித்தார். கிளீன் ஷீட் கனவு முடிந்தது. ஆனால் முதல் பாதி முடியும் நேரத்தில் அர்செனலின் தற்காப்பு ஆட்டக்காரர் கேப்ரியல் கோர்னர் பந்தைத் தலையால் முட்டி கோலாக்கினார். பிறகு லியண்ட்ரோ துரோசார்ட் சிவப்பு அட்டை வாங்க, இரண்டாம் பாதி முழுக்க பத்துப் பேரோடு அர்செனல் சுவர் கட்டி நின்றது. கூடுதல் நேரத்தின் 8ஆவது நிமிடத்தில் ஜோன் ஸ்டோன்ஸ் அடித்து 2-2 ஆக்கினார். அட்டை, போனஸ் கணக்குகளை விட்டுவிட்டுப் பார்த்தால் ஹாலண்டுக்கு 6, கேப்ரியலுக்கு 2 + 6 - 1 = 7. இரண்டு பேரையும் இறக்கியவருக்கு 13. கேப்ரியலுக்குப் பதிலாக சாலிபாவை வைத்திருந்தவருக்கு 6 + 1 = 7 மட்டும். ஸ்டோன்ஸ் அடித்த அந்தக் கடைசி கோல்தான் நீங்கள் வாங்காத ஆள் செய்த வேலை.

2023 நவம்பர் 12. செல்சி 4, சிட்டி 4. மலேசியாவில் நள்ளிரவு தாண்டி 12.30க்குத் தொடங்கிய ஆட்டம், மறுநாள் திங்கட்கிழமை வேறு. ஹாலண்ட் 2 கோல் அடித்தார், 10 புள்ளி. முழு நேரம் ஆடி வேறெதுவும் செய்யாத செல்சி தற்காப்பு ஆட்டக்காரருக்கு 2 கழித்தல் 2, பூஜ்யம். ஆனால் அதே தற்காப்பில் நின்ற தியாகோ சில்வா ஒரு கோல் அடித்ததால் நான்கு கோல் விட்டும் அவருக்கு 6.

மூன்று ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது: "ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்பார்" என்ற எளிய தராசு இங்கே வேலை செய்யவில்லை. காற்பந்தில் உங்கள் இருவரும் சேர்ந்து ஜெயிக்கலாம், சேர்ந்தே மண்ணைக் கவ்வவும் செய்யலாம்.

அப்படியென்றால் யாரை பெஞ்சில் வைப்பது?

சரி, கணக்குக்கு வருவோம். பள்ளியில் படித்த நிகழ்தகவை விட்டு வெகுநாள் ஆனவர்களும் பயப்பட வேண்டாம்.

ஒரு குழு சராசரியாக எத்தனை கோல் விடும் என்று எதிர்பார்க்கிறோமோ, அதிலிருந்து கிளீன் ஷீட் வாய்ப்பை ஓரளவு கணிக்கலாம். காற்பந்துக் கோல்களுக்கு ஆய்வாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் போய்சோன் கணக்கு இது. எதிர்பார்ப்பு 0.7 கோல் என்றால் கிளீன் ஷீட் வாய்ப்பு சுமார் 50 விழுக்காடு. 1 கோல் என்றால் 37 விழுக்காடு. 1.5 கோல் என்றால் 22 விழுக்காடு.

இதை எஃப்.பி.எல். புள்ளியாக மாற்றுவோம். கிளீன் ஷீட்டுக்கு வரக்கூடியதையும் கோல் விட்டால் கழியக்கூடியதையும் சேர்த்தால், 0.7 கோல் விடும் சுலபமான ஆட்டத்தில் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் எதிர்பார்ப்பு சுமார் 1.8 புள்ளி. நடுத்தர ஆட்டத்தில் 1.2. சிட்டி மாதிரி வலுவான குழுவிடம் 1.5 கோல் விடும் ஆட்டத்தில் 0.4. (எல்லாவற்றுக்கும் ஆடியதற்கான 2 புள்ளி தனி.) ஆக, மிகச் சுலபமான ஆட்டத்துக்கும் மிகக் கடினமான ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரைப் புள்ளிக்குள்தான்.

இந்தக் கணக்கில் "ஹாலண்ட் உங்களிடம் இருக்கிறாரா, இல்லையா" என்ற கேள்வி எங்கேயாவது வந்ததா? வரவில்லை. அதுதான் விஷயம். ஹாலண்ட் உங்கள் குழுவில் இருப்பதால் சிட்டி கூடுதலாக ஒரு கோல் அடிக்கப் போவதில்லை. இரண்டு பேரின் சராசரிப் புள்ளியைக் கூட்டினால் மொத்தச் சராசரி வரும். அவர்கள் ஒரே ஆட்டத்தில் மோதினாலும், ஒருவர் லண்டனிலும் மற்றவர் லிவர்புலிலும் ஆடினாலும் கூட்டுத்தொகை மாறாது.

அதனால் பெஞ்ச் முடிவை எடுக்கும்போது ஹாலண்டை ஒரு நிமிடம் மறந்துவிடுங்கள். "இந்தத் தற்காப்பு ஆட்டக்காரர் சிட்டிக்கு எதிராக ஆடுகிறார். என் பெஞ்சில் இருக்கும் இன்னொருவர் சொந்தத் திடலில் பலவீனமான குழுவோடு ஆடுகிறார். யாருக்கு அதிகம் வரும்?" கேள்வி அவ்வளவே. பல சமயம் பெஞ்சில் இருப்பவர்தான் சரியான தேர்வாக இருப்பார். ஆனால் காரணம் சிட்டி அதிகம் கோல் அடிக்கும் குழு என்பதுதான், மோதல் அல்ல. பெஞ்சில் இருப்பவரும் அதே அளவு கடினமான ஆட்டத்தில் இருந்தாலோ, அவர் நிஜத்தில் முதல் பதினொன்றில் இறங்குவாரா என்பதே சந்தேகம் என்றாலோ, அர்செனல் ஆளையே இறக்குங்கள்.

இதைவிட மோசமான தவறு ஒன்றை அவ்வப்போது பார்க்கலாம். மோதலைத் தவிர்ப்பதற்காகவே கூடுதல் மாற்றம் ஒன்றைச் செய்து 4 புள்ளி அபராதம் கட்டுவது. அதிகபட்சம் ஒன்றரைப் புள்ளி வித்தியாசத்துக்கு 4 புள்ளி செலவு! பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க முப்பது வெள்ளிக்கு கிராப் பிடித்துப் போகிற கதை.

எல்லாத் தற்காப்பும் ஒன்றல்ல

கோல் காவலர் என்றால் வலி கொஞ்சம் குறைவு. அவர் தடுக்கும் ஒவ்வொரு 3 பந்துக்கும் 1 புள்ளி. எதிரணி முற்றுகையிட்டால் கோல் விழும் வாய்ப்பும் கூடுகிறது, தடுக்கும் வாய்ப்பும் கூடுகிறது. உங்கள் கோல் காவலர் உங்கள் தாக்குதல் ஆட்டக்காரரின் பெனால்டியையே தடுத்தால்? ஒருவருக்கு 5 கூடும், மற்றவருக்கு 2 கழியும். அப்போதும் உங்களுக்கு 3 லாபம். அந்த நேரத்தில் சிரிப்பதா அழுவதா என்று மட்டும் தெரியாது.

2025/26 சீசனில் வந்த ஒரு விதி இந்தக் கணக்கை மேலும் மாற்றிவிட்டது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் பந்தை வெளியேற்றுவது, மறிப்பது, இடைமறிப்பது, பறிப்பது எல்லாம் சேர்த்து 10 முறை செய்தால் 2 புள்ளி. இது கோல் விட்டாலும் கிடைக்கும். பெனால்டி பெட்டிக்குள்ளேயே நின்று வரும் பந்தையெல்லாம் தலையால் முட்டி அனுப்பும் நடுத் தற்காப்பு ஆட்டக்காரருக்கு, வலுவான எதிரணி வரும் நாள்தான் வேலை அதிகம். முன்பு சிட்டிக்கு எதிராக "வெறும் 1 புள்ளி" என்று ஒதுக்கப்பட்டவர் இப்போது 3 வரை தொடலாம். தாக்குதலுக்கு ஓடும் பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பலன் அவ்வளவாக இல்லை. அவர்கள் கோலுக்கு உதவி செய்து சம்பாதிக்க வேண்டியவர்கள்.

நிஜமாகவே வலிக்கும் இடம் வேறு. ஒரே கிளப்பின் தற்காப்பை மூன்றாக அடுக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் அது. அர்செனலின் கோல் காவலரும் இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்களும் உங்களிடம், எதிரே கேப்டன் அல்லாத ஹாலண்ட். கோல் இல்லாவிட்டால் 18 + 2 = 20. ஹாலண்ட் ஒன்று அடித்தால் 6 + 6 = 12. வேறு யாராவது அடித்தால் 6 + 2 = 8. இங்கே ஹாலண்டின் கோல் உங்களுக்கு 8 புள்ளி நட்டம். ஒன்றுக்கு ஒன்று என்றால் சமம், மூன்றுக்கு ஒன்று என்றால் நீங்கள் யாருடைய ஆள் என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்று பொருள். அப்படிப்பட்ட வாரத்தில் மூவரில் ஒருவரை உட்காரவைப்பதில் தப்பில்லை. அதற்கும் காரணம் பழையதுதான்: மூன்று பேருக்கும் ஒரே கடினமான ஆட்டம்.

மோதல் எப்போது முக்கியம்?

சராசரி மாறாது என்றால் மோதலுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. சராசரியில் இல்லை, ஏற்ற இறக்கத்தில்.

மிக எளிமையாக்கிய ஒரு கற்பனைக் கணக்கு. உங்கள் தாக்குதல் ஆட்டக்காரர் கோல் அடிக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு: அடித்தால் 6, இல்லையென்றால் 2. தற்காப்பு ஆட்டக்காரருக்குக் கிளீன் ஷீட் கிடைக்கவும் பாதிக்குப் பாதி: கிடைத்தால் 6, இல்லையென்றால் 2. இருவரும் ஒரே ஆட்டத்தில் நேர் எதிராக இருந்தால், ஒருவர் 6 எடுக்கும்போது மற்றவர் 2 எடுப்பார். எப்போதும் 8. வெவ்வேறு ஆட்டங்களில் இருந்தால் நான்கில் ஒரு முறை 12, நான்கில் ஒரு முறை 4, மற்ற இரண்டு முறை 8. சராசரி இரண்டிலும் 8தான்.

இப்போது ஹெட்-டு-ஹெட் லீக்கை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே ஒருவரோடு மோதல், அவரைவிட அதிகம் எடுத்தால் வெற்றி. உங்கள் குழு எதிராளியின் குழுவைவிடத் தெளிவாக வலுவானது என்றால் உங்களுக்கு அதிரடி தேவையில்லை, விபத்து நடக்காமல் இருந்தால் போதும். "எப்போதும் 8" உங்களுக்கு வரம். மோதலை அப்படியே விட்டுவிடுங்கள். மாறாக எதிராளி பலசாலி, உங்களுக்கு அந்த 12 வந்தால்தான் வழி என்றால், "எப்போதும் 8" என்பது மெதுவாகத் தோற்பதற்குச் சமம். அப்போது தற்காப்பு ஆட்டக்காரரை வேறு ஆட்டத்தில் தேடலாம், எதிர்பார்ப்பு கொஞ்சம் குறைந்தாலும்கூட.

சீசனின் கடைசி வாரங்களில் சாதாரண மினி லீக்குக்கும் இது பொருந்தும். 38ஆவது வாரத்துக்குள் 20 புள்ளி முன்னிலையோடு போகிறவர் மோதலைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. 20 புள்ளி பின்தங்கியவர்தான் ஒரே ஆட்டத்தின் இரு பக்கமும் காலை வைப்பதைத் தவிர்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வாட்சப் குழுவில் "மோதல் வேண்டாம்" என்று அதிகம் பதறுகிறவர் பெரும்பாலும் முன்னிலையில் இருப்பவர்.

உங்கள் நண்பர்களிடம் யார் இருக்கிறார்?

இதுவரை உங்கள் குழுவை மட்டும் பார்த்தோம். மினி லீக்கில் ஜெயிப்பது என்பது மற்றவர்களைவிட அதிகம் எடுப்பது. இங்கே ஒரு விசித்திரமான திருப்பம் இருக்கிறது.

பத்துப் பேர் லீக் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருமே ஹாலண்டைக் கேப்டனாக வைத்திருக்கிறார்கள், நீங்கள் உட்பட. ஹாலண்ட் மூன்று கோல் அடித்தாலும் உங்கள் இடம் ஓர் அங்குலம்கூட நகராது, எல்லோருக்கும் அதே புள்ளி. ஆனால் அவரை எதிர்கொள்ளும் அர்செனல் தற்காப்பு ஆட்டக்காரர் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறார். சிட்டி கோல் அடிக்காவிட்டால் ஒன்பது பேரையும்விட உங்களுக்கு 4 புள்ளி அதிகம். அதாவது ஹாலண்டைக் கேப்டனாக வைத்துக்கொண்டே, ஹாலண்ட் அடிக்கக் கூடாது என்று வேண்ட வேண்டிய நிலை! மாமாக் கடையில் பக்கத்து மேசைக்கு இதை விளக்கிப் பாருங்கள்.

தலைகீழாகவும் நடக்கும். எல்லோரிடமும் அர்செனல் தற்காப்பு இருக்கிறது, ஹாலண்ட் உங்களிடம் மட்டும். அப்போது அவர் அடிக்கும் முதல் கோல் உங்களுக்கு 4 புள்ளி முன்னிலை தரும். எல்லோருக்கும் கிளீன் ஷீட் போகிறது, உங்களுக்கும்தான். ஆனால் கோல் உங்களுடையது மட்டும்.

அதனால் திரையைப் பார்த்து யாருக்காகக் கத்துவது என்பதை உங்கள் குழுவைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நண்பர்களின் குழுவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அமெரிக்காவிலும் இதே கேள்விதான்

சொல்லப்போனால் இந்தக் கேள்வி இன்னும் சூடாக விவாதிக்கப்படும் இடம் அமெரிக்கக் காற்பந்து. அங்கே என்.எஃப்.எல். ஃபேண்டசி ஆட்டத்தில் தனித்தனித் தற்காப்பு ஆட்டக்காரரை வாங்குவதைவிட, ஒரு கிளப்பின் தற்காப்பு முழுவதையும் ஒரே பொட்டலமாக வாங்குவதுதான் பரவலான வழக்கம். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முக்கிய ஆள். உங்கள் குவார்ட்டர்பேக் உங்கள் தற்காப்புப் பொட்டலத்துக்கு எதிராக ஆடும் வாரம் வரும்போது அங்கேயும் இதே புலம்பல்.

முதல் பார்வைக்கு அங்கே மோதல் இன்னும் நேரடியாகத் தெரியும். குவார்ட்டர்பேக் எறிந்த பந்தை எதிரணி பிடித்தால் அவருக்குப் புள்ளி கழியும், அதே பந்துக்குத் தற்காப்புக்கு 2 புள்ளி கூடும். ஆனால் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு மடக்கி வீழ்த்தினால் தற்காப்புக்கு 1 புள்ளி, அதற்காகக் குவார்ட்டர்பேக்கிடமிருந்து பொதுவாக எதையும் கழிப்பதில்லை. பரவலான புள்ளி முறையில் ஒரு கணக்கு: குவார்ட்டர்பேக் 300 கெஜம் எறிந்து 2 டச்டவுன் கொடுத்து 2 பந்தைப் பறிகொடுக்கிறார். 12 + 8, அதில் 2 அல்லது 4 கழியும். அவரை நான்கு முறை வீழ்த்தி, அந்த 2 பந்தையும் பறித்து, 20 புள்ளி மட்டும் விட்ட தற்காப்புக்கு 4 + 4 + 1 = 9. இரண்டும் சேர்த்து 25 அல்லது 27. இரண்டு பக்கமும் நன்றாகவே சம்பாதித்த நாள்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது இன்னும் பழக்கமான கதை. இந்தியாவின் டிரீம்11 போன்ற செயலிகளில் ஒரே ஆட்டத்தின் இரு அணிகளிலிருந்துதான் பதினொரு பேரை எடுக்க வேண்டும். அங்கே மோதலைத் தவிர்க்கவே முடியாது; உங்கள் பந்துவீச்சாளர் உங்கள் பேட்ஸ்மேனுக்குப் பந்து போட்டே ஆக வேண்டும். அங்கே காசும் புரண்டது. 2025 ஆகஸ்ட்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது, டிரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது.

எஃப்.பி.எல். இலவசம். மினி லீக்கில் ஜெயித்தவருக்கு மற்றவர்கள் மேகி கோரெங் வாங்கிக் கொடுப்பது ஒன்று, ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று கட்டி ஆடுவது வேறு. 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நிம்மதியும் ஒரு கணக்குதான்

இதையெல்லாம் படித்த பிறகும் "அண்ணே, கணக்கெல்லாம் சரி. ஆனா ஆட்டத்தை நிம்மதியா பார்க்க முடியலையே" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அது நியாயமான வாதம் என்றே நினைக்கிறேன். நள்ளிரவு வரை கண்விழித்துப் பார்க்கும் ஆட்டத்தில் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது ஒரு சுமைதான். பெஞ்சில் இருப்பவருக்கும் அர்செனல் ஆளுக்கும் வித்தியாசம் கால் புள்ளி, அரைப் புள்ளி என்றால் தாராளமாக நிம்மதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு புள்ளிக்கு மேல் என்றால் நான் நிம்மதியை விட்டுக்கொடுப்பேன். 38 வாரத்தில் அப்படிச் சேர்ந்த ஆறேழு புள்ளியில் மினி லீக் கைமாறுவது அபூர்வமல்ல.

முடிவை எடுக்க வேண்டிய நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடத்துக்கு முன் குழு பூட்டப்படும். அதன் பிறகு சனிக்கிழமை முடிவைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை ஆளை மாற்ற முடியாது. இறங்கிய ஒருவர் நிஜத்தில் ஆடவே இல்லையென்றால் மட்டும்தான் பெஞ்சிலிருந்து ஆள் தானாக உள்ளே வருவார். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 12.30க்கு முதல் ஆட்டம் என்றால் நமக்கு டெட்லைன் மாலை 6 மணி. அங்கே குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றிய பிறகு இரவு 7 மணி. வெள்ளி இரவு 8 மணிக்கு ஆட்டம் வைத்திருக்கும் வாரங்களில் நமக்கு அது சனி அதிகாலை 1.30, குளிர்காலத்தில் 2.30. அந்த வாரங்களில் தூங்கப் போகும் முன்பே பெஞ்சைச் சரிபார்த்துவிடுவது நல்லது.